நிரலும் உரையும்: மென்பொருள் நிரலகங்களின் ஆவணமொழி

மென்பொருள் எழுதுவோர் எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து எழுதுவதில்லை. தேதியைக் கணக்கிடுதல், படத்தைச் சுருக்குதல், சொற்களை அகரவரிசைப்படுத்துதல் போன்ற பணிகளுக்கு, முன்னரே ஒருவர் எழுதிவைத்த நிரல்களின் தொகுப்பை எடுத்துப் பயன்படுத்திக்கொள்கின்றனர். இத்தகைய தொகுப்பை ‘லைப்ரரி’ என்பர்; தமிழில் ‘நிரலகம்’ என்னும் சொல் வழங்குகிறது. நிரலகத்திற்குள் பல செயற்கூறுகள் இருக்கும். ஒவ்வொன்றும் சில உள்ளீடுகளைப் பெற்று ஒரு விளைவைத் தரும். அதனை எழுதியவர் ஒரு நாட்டில் இருப்பார். பயன்படுத்துபவர் வேறொரு நாட்டில், சில வேளைகளில் பத்தாண்டுகள் கழித்து, இருப்பார். பெரும்பாலும் இருவரும் பேசிக்கொள்ளப் போவதில்லை. அவர்களுக்கிடையே நிகழும் பேச்சு, நிரலகத்துடன் வைக்கப்படும் விளக்க எழுத்து மட்டுமே. அதனையே இங்கு ‘ஆவணம்’ எனக் குறிப்பிடுகிறேன்.

கணினித்துறையினர் பலர் இதனை வேலை முடிந்தபின் செய்யும் துணைப்பணியாகக் கருதுகின்றனர். என் பார்வையில் இது முதன்மையாக ஒரு மொழிப்பணி. ஒரு செயற்கூறு என்ன செய்கிறது என்பதைக் கணினி அறிந்துகொள்ள நிரலே போதும். மனிதர் அறிந்துகொள்ளச் சொற்கள் வேண்டும். அச்சொற்கள் தவறினால் நிரல் சரியாக இருந்தும் பயன் தவறாகிவிடும். தமிழுக்கு இது எவ்வளவு அருகில் உள்ள செய்தி என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காட்டலாம்.

பைத்தான் என்பது இன்று பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பரவலாகக் கற்பிக்கப்படும் நிரல்மொழி. கீடோ வான் ராசம் என்பவர் 1991இல் அதன் முதல் பதிப்பை வெளியிட்டார். ஒன்றன் நீளத்தை அறிய அம்மொழியில் ‘லென்’ என்னும் செயற்கூறு உண்டு. ‘தமிழ்’ என்னும் சொல்லை அதனிடம் கொடுத்தால் 5 என்னும் விடை வரும். ‘சிங்கப்பூர்’ என்பதற்கு 11 வரும். ‘மலேசியா’ என்பதற்கு 7. தொடக்கநிலை ஒன்றில் படிக்கும் பிள்ளையும் ‘தமிழ்’ மூன்றெழுத்துச் சொல் என்று கூறும். கணினி பொய் சொல்லவில்லை. யூனிகோடு முறையில் தகர மெய்யும் அகரமும் சேர்ந்த ‘த’ ஒரு குறியெண், ‘மி’ என்பது ‘ம’வும் இகரக் குறியுமாக இரண்டு, ‘ழ்’ என்பது ‘ழ’வும் புள்ளியுமாக இரண்டு. ஆக ஐந்து. கணினி எண்ணியது குறியெண்களை; நாம் எண்ணுவது எழுத்துகளை.

இதனை ஆவணம் சொல்கிறதா? சொல்கிறது, ஆனால் இரண்டு இடங்களில் பிரித்துச் சொல்கிறது. ‘லென்’ பற்றிய பகுதி, அது ஒரு பொருளில் உள்ள உறுப்புகளின் எண்ணிக்கையைத் தரும் என்ற அளவில் நின்றுவிடுகிறது. உறுப்பு எது? எழுத்துச் சரம் என்பது யூனிகோடு குறியெண்களின் வரிசை என்று வேறொரு பகுதியில் விளக்கப்பட்டுள்ளது. இரண்டையும் படித்து இணைத்துப் பார்ப்பவருக்குக் குழப்பமில்லை. ஆங்கிலம் எழுதுவோருக்கு இணைத்துப் பார்க்கும் தேவையே பெரும்பாலும் எழுவதில்லை. அவர்களுக்கு ஓர் எழுத்து ஒரு குறியெண்ணாகவே அமைந்துவிடுகிறது. தமிழ் மாணவர் ஒருவர் சொல் விளையாட்டு ஒன்றை எழுதும்போது கட்டங்கள் பொருந்தாமல் போகும். சொல்லைத் திருப்பிப் போட்டால் புள்ளி தனியே முன்னால் வந்து நிற்கும். இகரக் குறி மகரத்தை விட்டு ழகரத்தைப் பற்றிக்கொள்ளும். பிழை தமிழில் இருக்கிறது என்றே அவர் எண்ணக்கூடும். கணினிக்கு ஏற்ற மொழியன்று தமிழ் என்னும் பேச்சு இப்படிப்பட்ட இடங்களிலிருந்தும் பிறக்கிறது.

இக்குறையை நீக்க எழுந்தவற்றுள் ஒன்று, ‘ஓப்பன்-தமிழ்’ என்னும் திறமூல நிரலகம். அதில் ‘கெட் லெட்டர்ஸ்’ என்னும் செயற்கூறு ‘தமிழ்’ என்பதைத் த, மி, ழ் என மூன்றாகப் பிரித்துத் தரும். ‘ஸ்பிளிட் மெய் உயிர்’ என்று பெயரிடப்பட்ட மற்றொரு செயற்கூறு உயிர்மெய்யை மெய்யாகவும் உயிராகவும் பிரிக்கும். நம் இலக்கணக் கலைச்சொற்கள் ஆங்கில வினையோடு கைகோத்து நிரலுக்குள் நுழைந்துள்ளமை எனக்கு மகிழ்ச்சி தருகிறது. எனினும் பெயர் மட்டும் போதாது. ‘எழுத்துகளைப் பெறு’ என்றால் எவை எழுத்துகள்? ‘க்ஷ’ ஒன்றா, இரண்டா? யூனிகோட்டில் அது மூன்று குறியெண்கள். இடைவெளியும் நிறுத்தக்குறியும் பட்டியலில் வருமா, விடுபடுமா? தொடரின் நடுவில் ஆங்கில எழுத்து வந்தால் என்ன ஆகும்? ‘கொ’ என்பதை ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்து இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். முன்னால் கொம்பும் பின்னால் காலும் தனித்தனியே சேர்த்து மூன்றாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஒப்பிட்டுப் பார்க்கும் கணினிக்கு அவை வேறு வேறு. இரண்டையும் ஒருநிலைப்படுத்தும் முறை யூனிகோட்டில் வகுக்கப்பட்டுள்ளது. அதனைப் பயன்படுத்துவோர் தாமே செய்ய வேண்டுமா, நிரலகம் செய்துகொள்ளுமா என்பதை ஆவணம் கூற வேண்டும். இவை அனைத்தும் இலக்கணக் கேள்விகள். நிரலாளர் ஒவ்வொன்றுக்கும் அறிந்தோ அறியாமலோ ஒரு விடையைத் தெரிந்தெடுத்திருப்பார். அவ்விடையை எழுதிவைக்காவிட்டால், பயன்படுத்துவோர் அடித்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எழுதிவைக்காததன் விளைவைத் தமிழ்க்கணிமை முன்பே பட்டறிந்துள்ளது. 1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியபோது எழுத்துருவுக்கோர் குறியேற்றம் என்ற நிலை இருந்தது. எந்தக் குறியேற்றத்தில் தட்டச்சு செய்யப்பட்டது என்ற குறிப்பு இல்லாத பழைய கோப்பு இன்று வெறும் ஒட்டுக்குறிகளாகத் திறக்கும்.

இனி, ஆவணம் எங்கே எழுதப்படுகிறது என்பதைப் பார்ப்போம். தொடக்கத்தில் நிரல் ஓரிடத்திலும் விளக்கநூல் வேறோரிடத்திலும் இருந்தன. நிரல் மாதந்தோறும் மாறும்; நூல் அச்சில் நின்றுவிடும். 1984இல் டொனால்ட் நூத் இதற்கு நேர்மாறான கருத்தொன்றை முன்வைத்தார். நிரலும் விளக்கமும் ஒரே கோப்பில், மனிதர் படிக்கும் கட்டுரை வடிவில் எழுதப்பட வேண்டும். அதிலிருந்து கணினிக்கான நிரலையும் படிப்போருக்கான பக்கத்தையும் கருவிகள் பிரித்தெடுக்க வேண்டும் என்றார். தம் அச்சுக்கோப்பு மென்பொருளாகிய டெக்கை அவர் அவ்வாறே எழுதிக் காட்டினார். அம்முறையை அப்படியே பின்பற்றியவர் சிலரே. ஆனால் விளக்கம் நிரலுக்கு அருகிலேயே இருக்க வேண்டும் என்னும் கருத்து நிலைத்துவிட்டது. 1990களில் ஜாவா மொழியுடன் ஜாவாடாக் கருவி வந்தது. 1997இல் டாக்ஸிஜன் வந்தது. நிரலுக்குள் குறிப்பிட்ட வடிவில் எழுதப்படும் குறிப்புரைகளைத் திரட்டி இவை பக்கங்களாக்கித் தரும்.

பைத்தானில் ஒவ்வொரு செயற்கூற்றின் தலையிலும் ஒரு விளக்கச் சரத்தை எழுதலாம். அது நிரலோடு சேர்ந்தே இயங்கும். நிரல் ஓடும்போதே கேட்டுப் பெறலாம். பைத்தானின் முதன்மை ஆவணம் நெடுங்காலம் லாடெக் வடிவில் இருந்தது. கியோர்க் பிராண்டல் அதனை எளிய குறியீட்டு வடிவத்திற்கு மாற்ற உருவாக்கிய கருவி ‘ஸ்பிங்க்ஸ்’ என்னும் பெயரில் 2008இல் வெளிவந்தது. இன்று பல்லாயிரம் நிரலகங்கள் அதனைக்கொண்டே ஆவணம் ஆக்குகின்றன. நிரலிலுள்ள விளக்கச் சரங்களைத் தானே எடுத்து அடுக்கும் கூறும் அதில் உண்டு.

தானே ஆக்கும் வசதி ஒரு மயக்கத்தையும் தருகிறது. செயற்கூற்றின் பெயர், உள்ளீடுகள், அவற்றின் வகை, கொடுக்காவிட்டால் கொள்ளப்படும் மதிப்பு ஆகியவற்றைக் கருவி தவறாமல் எடுத்துத் தரும். பக்கங்கள் அழகாக நிரம்பிவிடும். ஆனால் ‘எழுத்துகளைப் பெறு’ என்னும் பெயருக்குக் கீழே ‘எழுத்துகளைப் பெறுகிறது’ என்று மட்டும் எழுதியிருந்தால் படித்தவர் ஒன்றும் அறிந்திலர். அகராதியில் ஒரு சொல்லுக்குப் பொருளாக அதே சொல்லின் வேறு வடிவத்தை இடுவது போன்றது இது. நூறு பக்கம் உடைய வெற்று ஆவணத்தைக் காட்டிலும், கையால் எழுதிய இரண்டு பக்கம் மேலானது என்பது என் கருத்து. துறையினர் சிலர் உடன்படமாட்டார்கள்.

மொழியியல் நோக்கில் என்னை மிகவும் ஈர்த்தது விளக்கச் சரத்தின் வினைமுற்று. 2001இல் டேவிட் குட்ஜரும் கீடோ வான் ராசமும் எழுதிய, ‘பெப் 257’ எனப்படும் நெறிமுறை, விளக்கத்தின் முதல் வரி ஏவல் வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. ஆங்கிலத்தில் ‘ரிட்டர்ன்’ என்று எழுத வேண்டும். ‘ரிட்டர்ன்ஸ்’ என்று எழுதலாகாது. ஜாவாவிற்கு வகுக்கப்பட்ட நெறி இதற்கு எதிரானது: படர்க்கையில் விவரிக்க வேண்டும், ஏவலாகாது. இரு முகாமிலும் உள்ளவர்கள் தத்தம் வழக்கே இயல்பானது எனக் கருதுகின்றனர். ஆங்கிலத்தில் இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு சகர ஒலி மட்டுமே. ஏவுபவர் யார், ஏவப்படுபவர் யார் என்பது அங்கே உறைப்பதில்லை.

தமிழில் எழுதப் புகுந்தால் நிலைமை வேறு. ‘பட்டியலைத் தா’ என்றால் ஒருமை ஏவல். உரிமையோ தாழ்வோ தொனிக்கும். ‘தரவும்’ என்றால் அலுவலகக் கடிதம் நினைவுக்கு வரும். ‘தருக’ என்னும் வியங்கோளை எடுத்துக்கொண்டால், நம் மாணவர்களுக்கு அது தேர்வுத்தாளின் குரல்; ‘விடை தருக’, ‘பொருத்துக’, ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ என்று பழகியவர்கள் ‘பட்டியலைத் தருக’ என்பதைத் தமக்கு இட்ட கட்டளையாகவே கொள்வர். பட்டியலைத் தரப்போவது செயற்கூறு, படிப்பவர் அல்லர். ஆகவே பைத்தான் நெறியைச் சொல்லுக்குச் சொல் தமிழில் பின்பற்றுவது பொருளையே மாற்றிவிடும்.

தமிழுக்கு ஏற்றது ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டு வினைமுற்று. ‘தீ சுடும்’, ‘நீர் பள்ளம் நோக்கிப் பாயும்’ என்கிறோம். முக்காலத்திற்கும் உரிய இயல்பை இவ்வடிவால் சொல்லும் மரபைத் தொல்காப்பியம் வினையியலிலேயே விதித்துள்ளது. செயற்கூற்றின் விளைவும் அத்தகையதே: இன்று கொடுத்தாலும் நாளை கொடுத்தாலும் அதே உள்ளீட்டிற்கு அதே விளைவு. ‘பட்டியலைத் தரும்’ என்று எழுதினால் ஏவலின் உறுத்தலும் இல்லை. ‘தருகிறது’ என்பதில் உள்ள, இப்போது நடப்பது போன்ற சாயலும் இல்லை. இவ்வடிவம் முற்றாகவும் எச்சமாகவும் நிற்கும் என்பது கூடுதல் வசதி. ‘எழுத்துகளின் பட்டியலைத் தரும் செயற்கூறு’ எனத் தலைப்பிலும், ‘பட்டியலைத் தரும்.’ எனத் தொடரிலும் ஒரே வடிவத்தை வழங்கலாம்.

பெயர்ச்சொல் பக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. நிரலில் உள்ள பெயர்களை ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் பெயர் மாறாமல் நிற்க, முன்னால் ஒரு இடைச்சொல் வந்து வேற்றுமைப் பொருளைத் தந்துவிடும். தமிழில் உருபு பெயரின் ஈற்றில் ஒட்டும். ஒட்டும்போது புணர்ச்சியும் வரும். ரோமன் எழுத்தில் உள்ள நிரற்பெயருக்குப் பின் ‘ஐ’யையோ ‘ஆல்’ என்பதையோ ஒட்டினால், எதுவரை பெயர், எங்கே உருபு என்று புதியவர் திகைப்பார். அப்படியே படியெடுத்து நிரலில் இட்டால் பிழை வரும். இதற்கு நம்மிடம் பழைய வழி உண்டு. ‘லென் என்னும் செயற்கூற்றை’, ‘லென் என்னும் செயற்கூற்றால்’ என்று, பெயருக்கும் உருபுக்கும் நடுவே ‘என்னும்’ என்பதையும் ஒரு பொதுப்பெயரையும் இட்டால் பெயர் தூய்மையாக நிற்கும். தொடர் சற்றே நீளும். அந்த நீளம் ஏற்கத்தக்கதே.

எழுதுவதைவிடக் கடினமானது பேணுதல். ஒரு செயற்கூறு முதலில் இடைவெளிகளையும் பட்டியலில் சேர்த்துத் தந்தது. பின்னர் ஒருவர் அவற்றை நீக்குமாறு நிரலைத் திருத்துகிறார். விளக்கத்தைத் திருத்த மறக்கிறார். நிரல் தவறினால் கணினி நின்றுவிடும். விளக்கம் தவறினால் கணினி பொருட்படுத்தாது. இரண்டும் ஒன்றுக்கொன்று அருகில் இருந்தாலும் இது நேர்கிறது. ஆதலின் விளக்கத்தையும் சோதிக்கும் கருவிகள் எழுந்தன. டிம் பீட்டர்ஸ் உருவாக்கிய ‘டாக்டெஸ்ட்’ 2001இல் பைத்தானின் 2.1 பதிப்பில் சேர்க்கப்பட்டது. விளக்கத்தினுள், மூன்று கோணக்குறிகளுக்குப் பின் ஒரு கட்டளையும் அடுத்த வரியில் அதன் விடையும் எடுத்துக்காட்டாக எழுதப்பட்டிருக்கும். கருவி அக்கட்டளையை உண்மையாகவே இயக்கும், வந்த விடை எழுதப்பட்ட விடையுடன் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா எனப் பார்க்கும், ஒவ்வாவிடின் முறையிடும்.

நன்னூல், காண்டிகையுரையின் உறுப்புகளாகக் கருத்து, பதப்பொருள் ஆகியவற்றுடன் காட்டினையும் சேர்க்கிறது. உரையில் எடுத்துக்காட்டு அழகுக்காக வருவதன்று. விதியின் எல்லையை அதுவே காட்டும். டாக்டெஸ்ட் அந்தக் காட்டினைச் சான்றாகவும் ஆக்கிவிட்டது. தமிழ் நிரலகங்களுக்கு இதில் ஒரு தொல்லை இருந்தது. பைத்தானின் இரண்டாம் தலைமுறை, பட்டியலில் உள்ள தமிழ் எழுத்துகளைத் திரையில் தமிழாகக் காட்டாது, குறியெண்களாக அச்சிடும். ஆகவே சோதிக்கத்தக்க எடுத்துக்காட்டைப் படிக்க முடியாது. படிக்கத்தக்க எடுத்துக்காட்டைச் சோதிக்க முடியாது. 2008 இறுதியில் வந்த மூன்றாம் தலைமுறையில் ‘த, மி, ழ்’ என்பது அவ்வாறே தோன்றும். அதன்பிறகே தமிழ் எடுத்துக்காட்டை ஆசிரியரும் கணினியும் ஒருசேரப் படிக்கும் நிலை வந்தது.

மாற்றத்தைக் குறித்துவைக்கவும் தனி வடிவங்கள் உண்டு. எந்தப் பதிப்பில் சேர்ந்தது, எதில் மாறியது, எதிலிருந்து கைவிடப்படும் என்னும் மூன்றையும் ஸ்பிங்க்ஸில் தனித்தனிக் குறிப்புகளாக எழுதலாம். பழைய பதிப்பை இன்னும் பயன்படுத்தும் பள்ளிக்கூடக் கணினிக்கு இக்குறிப்பு பெரிய உதவி. மாறியது என்று மட்டும் எழுதாமல், முன்பு எவ்வாறு இருந்தது என்பதையும் ஒரு வரியில் கூறுவது நல்லது.

மொழிபெயர்ப்பும் பேணுதலின் ஒரு பகுதியே. பைத்தான் ஆவணத்தின் மொழிபெயர்ப்புகளை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது என்பதற்கு 2017இல் ஒரு நெறிமுறை எழுதப்பட்டது; ஜப்பானியம், பிரெஞ்சு, கொரியம் ஆகியவை முதலில் இடம்பெற்றன. ஆங்கில மூலம் பத்தி பத்தியாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றின் கீழும் மொழிபெயர்ப்பு வைக்கப்படும். மூலத்தில் ஒரு பத்தி மாறினால் அதன் மொழிபெயர்ப்பின்மேல் ஓர் ஐயக்குறி விழும். ஒருவர் பார்த்துச் சரிசெய்யும்வரை அப்பத்தி வாசகருக்கு ஆங்கிலத்திலேயே காட்டப்படும். பிழையான தாய்மொழிப் பத்தியைவிடச் சரியான அயல்மொழிப் பத்தி மேல் என்னும் முடிவு இதில் அடங்கியுள்ளது. எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது. நூலொன்றை ஒருமுறை மொழிபெயர்த்து அச்சிட்டு முடிப்பது போன்றதன்று இப்பணி. ஐயக்குறிகளை நீக்குவதற்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும்.

நிரலகத்தின் வாயிலில் ‘ரீட்மீ’ எனப்படும் ஒரு முன்கோப்பு இருக்கும். அதில் என்ன எழுதுவது எனத் தடுமாறுவோர்க்கு நம் பாயிர இலக்கணத்தையே பரிந்துரைப்பேன். ஆக்கியவர் யார், எதன் வழி வந்தது, எங்கே வழங்கும், பெயர் என்ன, எவ்வாறு யாக்கப்பட்டது, எதனைப் பற்றியது, கற்பதற்கு உரியவர் யார், பயன் என்ன என எட்டுச் செய்திகளைச் சிறப்புப்பாயிரத்திற்கு நன்னூல் வகுத்துள்ளது. யார் கற்பதற்கு உரியவர் என்பதையும், எங்கே வழங்கும் என்பதையும், அதாவது எந்தக் கணினியில் எந்தப் பதிப்பில் இயங்கும் என்பதையும், சொல்லாமல் விட்ட முன்கோப்புகளே மிகுதி.

மாணவர்கள் செய்து பார்ப்பதற்காக, எழுத்துப் பிரிப்புச் செயற்கூறு ஒன்றைக் கற்பனையாகக் கொண்டு, அதற்கு விளக்கம் எழுதிக் காட்டுகிறேன்:

‘கொடுக்கப்பட்ட சரத்தை எழுத்துகளாகப் பிரித்து, வரிசை மாறாத பட்டியலாகத் தரும். உயிர்மெய்யும் புள்ளியோடு கூடிய மெய்யும் ஒவ்வோர் எழுத்தாகக் கொள்ளப்படும். க்ஷ, ஓர் எழுத்தாகக் கொள்ளப்படும். ஒகர ஓகார ஔகாரக் குறிகள் இரு கூறாக எழுதப்பட்டிருந்தால், பிரிப்பதற்குமுன் ஒன்றாக இணைக்கப்படும். இடைவெளி, நிறுத்தக்குறி, பிறமொழி எழுத்து ஆகியவை உள்ளவாறே பட்டியலில் இடம்பெறும். வெற்றுச் சரம் கொடுத்தால் வெற்றுப் பட்டியல் வரும். சரம் அல்லாத ஒன்றைக் கொடுத்தால் பிழை எழுப்பும். எடுத்துக்காட்டு: ‘தமிழ்’ எனக் கொடுத்தால் த, மி, ழ் என மூன்று உறுப்புகள்.’

இதில் மூன்றாவது தொடரை ஒருவர் மறுக்கலாம். ‘க்ஷ’வை இரண்டு எழுத்தாகக் கொள்வதற்கும் காரணம் காட்ட முடியும், மெய்யும் உயிர்மெய்யும் தனித்தனியே தெரிகின்றன என்பர். அவர் வேறு விதியைத் தேர்ந்து நிரலை மாற்றிக்கொள்ளட்டும். அப்போது மாற்ற வேண்டிய தொடர் எது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.